தொண்டிக் காற்று

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாலு நாற்காலி,
ஒரு நெபுலைசர்,
அதற்குப் பெரியதும் சின்னதுமாக இரண்டு முகமூடி.
பெரியதைப் பிள்ளைகளுக்குப் போட்டால்
கண் வரைக்கும் மூடிவிடும்.

புரட்டாசி வந்தால் அந்த மெஷினுக்கு
பழைய தலையணை உறை மாட்டிவிடுவேன்.
ஐப்பசி மழையில் ஊருக்கு மூச்சு என்று ஒன்று
இருப்பதே மறந்துபோகும்.
சேற்றுப்புண்ணுக்கு வருவார்கள், காய்ச்சலுக்கு,
எப்போதாவது தேள்கடிக்கு.

தை பிறந்து
நெல் லாரிகள் ரோட்டோரம் வரிசை கட்டியதும்
உறையைக் கழற்றுவேன்.

காற்றுக்கு நம்பர் போடும் கருவி
காரைக்குடியில் இருக்கிறதோ என்னவோ,
எங்களுக்கு இல்லை.
எனக்கு வெள்ளைச் சீருடைதான்.
காலையில் மாடியில் உலர்த்தி
மத்தியானம் எடுக்கும்போது
தோள்பட்டையில் கரும்புள்ளிகளை எண்ணுவேன்.
மெல்ல ஊதினால் போய்விடும்.
தேய்த்தால் தீற்றிக்கொள்ளும்.
உமிச் சாம்பலின் குணம் அது,
அவசரப்படுகிறவர்களிடம் தங்கிவிடும்.

மில்லைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.
என் வீட்டுக்காரர் அங்கேதான்
எடைமேடையில் சீட்டு எழுதுகிறார்.

கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கிற
பெரிய வீடுகளின் முகப்பில்
சுதையில் செய்த கஜலட்சுமிக்கு
மடி நிறையச் சாம்பல்.
யானைகள் தும்பிக்கையைத் தூக்கியபடி நிற்கின்றன.
பூட்டிய வீடு இருமாது.

சேவுகமூர்த்தி பாய்லரில் நிற்பவர்.
மகள் தர்ஷிகாவுக்கு ஆறு வயது.
தையிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள்
தோளில் தூக்கி வருவார்.
அவர் சட்டையில் அடிக்கிற வாசனையை
அவள் மூக்கிலிருந்து எடுக்கத்தான்
நான் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.
இருவருக்கும் அது தெரியும்.

ஒருநாள் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:
"ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் சிஸ்டர் சாம்பலைத் தள்றது.
அந்நேரம் காத்து மேக்கேருந்து வருது, நேரா எங்க தெருவுக்கு.
இனிமே சாயங்காலம் தள்ளிர்றேன்,
தொண்டிக் காத்து ஏறினதுக்கப்புறம்.
மொதலாளிக்கு எப்பத் தள்ளுனா என்ன."

அந்த வாரம் தர்ஷிகா வரவில்லை.
பள்ளிக்கூட வேனில் ஜன்னலோரம் பார்த்தேன்,
வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டாள்.
பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

புதன்கிழமை
மேலக்குடியிருப்பிலிருந்து ஓர் ஆட்டோ.
மூன்று பிள்ளைகள்.
வியாழக்கிழமை அதே ஆட்டோவில் ஐந்து.
ஒருத்தி கேட்டாள்,
"இத்தன நாளு நல்லாத்தானே இருந்துச்சு,
பனியாலயா?"

பனிதான் என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது.
சின்ன முகமூடியைக் கழுவிக் கழுவி
விரல் நுனி சுருங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை சேவுகமூர்த்தி தனியாக வந்தார்,
சீப்பு வாழைப்பழத்தோடு, சந்தோஷமாக.
நாற்காலிகளைப் பார்த்தார்.
ஆட்டோவைப் பார்த்தார்.
பிறகு ஜன்னல் திரையை,
அது எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று.
பழத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.
நான் கூப்பிடவில்லை.

அன்று
பாதியைச் சாயங்காலமும்
பாதியை ராத்திரியும் தள்ளினாராம்.
வீட்டுக்காரர் சாப்பிடும்போது சொன்னார்,
"அந்தாளுக்கு என்னமோ ஆயிருச்சு,
ஒரு வேலைய ரெண்டா செய்றான்."
நான் ரசம் ஊற்றினேன்.

சனிக்கிழமை எல்லாருமே வந்திருந்தார்கள்.
தர்ஷிகாவும் மேலக்குடியிருப்புப் பையன் ஒருவனும்
ஒரே நாற்காலியில்.
அவள் முகத்திலிருந்த புகையைக் காட்டி
"எனக்கும் அதே மாதிரி வருமா?" என்றான்.
கையால் பிடிக்கப் பார்த்தான்.

அப்போது கரண்ட் போனது.
மெஷின் இரைச்சல் நின்றதும்
அறையில் ஒவ்வொருவர் மூச்சும்
தனித்தனியாகக் கேட்டது,
என்னுடையதும்.

திரை
எந்தப் பக்கமும் அசையவில்லை.